வடக்கு அறையில் முப்பது

ஆம்பூர்
9 பிப்ரவரி 2025

அன்புப் பேத்தி அஃப்ஷாவுக்கு, உன் அம்மாவைப் பெற்ற நானா சர்தார் பாஷா சலாம் சொல்லி எழுதுவது. நான் சுகம். முட்டி வலி உண்டு, அதுவும் படி ஏறும்போது மட்டும்தான். கோயம்புத்தூரில் நீயும் அம்மாவும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

நானாவுக்கு எழுதத் தெரியாதே என்று நினைப்பாய். போன ஆகஸ்டில் இருந்து நகராட்சிப் பள்ளியில் பெரியவர்களுக்கான சாயங்கால வகுப்புக்குப் போகிறேன். பதினெட்டுப் பேர் சேர்ந்தோம். இப்போது ஏழு பேர் இருக்கிறோம். ஏழில் நான்தான் மூத்தவன், அறுபத்தெட்டு. இது நான் ஒரு மனிதருக்கு எழுதும் முதல் கடிதம். இந்தப் பக்கத்துக்கு மூன்று சாயங்காலம் ஆயிற்று. விஜயகுமாரி டீச்சர் எட்டிப் பார்த்து, "இன்னா பாய், லவ் லெட்டரா?" என்றார். "பேத்திக்கும்மா. போன்ல பேச மாட்டேன்றா" என்றேன். பிறகு அவர் கிண்டல் செய்யவில்லை.

உன் அம்மா ஜூனில் மஸ்கட் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறாள். இரண்டு வருடம். நீ ஆம்பூரில் என்னோடு இருப்பதா, அங்கேயே விடுதியில் சேருவதா என்று கேட்டால் நீ இரண்டுக்கும் பதில் சொல்வதில்லை என்கிறாள். உன்னை மூட்டை மாதிரி கட்டித் தூக்கிவர எனக்கு இஷ்டம் இல்லை. நீ வந்தால் சந்தோஷப்படுவேன். வராவிட்டால் கோபப்பட மாட்டேன். இங்கே என்ன இருந்தால் உனக்கு வரப் பிடிக்கும் என்று மட்டும் எழுது. மெதுவாக எழுதினால் போதும். நானும் மெதுவாகத்தான் படிப்பேன்.

அல்லாஹ் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.
நானா


கோயம்புத்தூர்
22 பிப்ரவரி 2025

நானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். அம்மா நலம். உங்கள் முட்டிக்குத் தைலம் தடவவும்.

உங்கள் கையெழுத்து எங்கள் வகுப்புப் பையன்களின் கையெழுத்தைவிட நன்றாக இருக்கிறது.

எனக்கு எதுவும் வேண்டாம். ஆனால் என் சிநேகிதி ஃபிர்தௌஸ் வீட்டில் ஒரு ஜோடி கினி பிக் இருக்கிறது. பெயரில் மட்டும்தான் பிக். அது புல் தின்னும் சின்னப் பிராணி, முயலைவிடச் சிறியது, வால் இல்லை. இந்த வீட்டில் வளர்க்கக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். விடுதியிலும் கூடாது. உங்கள் வீட்டில் வளர்க்கலாமா? வளர்க்கலாம் என்றால் முதலில் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். அப்புறம்தான் அதைக் கொண்டுவர வேண்டும். தயாரானதும் சொல்லுங்கள். நான் வருவேன் என்று சொல்லவில்லை. யோசிப்பேன்.

இப்படிக்கு,
அஃப்ஷா, ஐந்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு


ஆம்பூர்
8 மார்ச் 2025

என் கண்ணு அஃப்ஷாவுக்கு நானாவின் சலாம். நோன்பு ஏழாம் நாள். உடம்பு லேசாக இருக்கிறது. நீ பாதி நோன்பு வைத்தாலே போதும், பரீட்சை இருக்கிறது.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். முதல் முறை எழுத்து எழுத்தாக, நான்காவது முறை சரளமாக. வளர்க்கலாம். தாராளமாக வளர்க்கலாம். என் தோஸ்த் சத்தாரிடம் சொன்னேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ ஸ்டால் வைத்திருக்கிறாரே, அவர்தான். "இன்னா பாய், இந்த வயசுல பன்னி வளக்கப் போறியாமே?" என்று கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டார். "பேருதான் பன்னி. புல்லு துன்ற ஜாதி" என்றேன். "அப்ப பேர மாத்தி வைக்கச் சொல்லு" என்றார். யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

கோழிக் கூண்டு ஒன்று வாங்கிவிட்டேன். அடியில் கம்பி வலை, அழுக்கெல்லாம் கீழே விழுந்துவிடும். உள்ளே மெத்தை மாதிரி பரப்ப ஷூ கம்பெனியில் இருந்து தோல் சீவல் ஒரு மூட்டை கேட்டிருக்கிறேன். பஞ்சு போல இருக்கும், ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பார்த்தாயா, நானா எவ்வளவு வேகம் என்று.

நோன்பு திறக்கும்போது உன் பெயரைச் சொல்லித்தான் பேரீச்சம்பழம் எடுக்கிறேன்.
நானா


கோயம்புத்தூர்
20 மார்ச் 2025

நானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நலம். ஒன்பது பாதி நோன்பும் இரண்டு முழு நோன்பும் வைத்திருக்கிறேன்.

தோல் சீவல் போடவே கூடாது. அதில் கெமிக்கல் இருக்கும். அது எதையும் கடித்துப் பார்க்கும், செத்துப்போகும். கம்பி வலையும் கூடாது, பாதம் புண்ணாகும். கூண்டு என் கட்டிலில் பாதியாவது இருக்க வேண்டும். தரையில் தடித்த பருத்தித் துணி போட வேண்டும். ஒன்று மட்டும் வாங்கக் கூடாது, தனியாக இருந்தால் சோர்ந்துவிடும். ஒளிந்துகொள்ள இரண்டு வீடு வேண்டும். ஒரே வீடு என்றால் சண்டை. தினமும் புல், கொத்தமல்லி, கொஞ்சம் குடைமிளகாய்.

முக்கியமானது வெயில். இருபத்தெட்டு டிகிரிக்கு மேல் போனால் மயங்கிவிடும் என்று ஃபிர்தௌஸின் அம்மா சொன்னார். ஆம்பூரில் எவ்வளவு?

இன்னொன்று. வலித்தாலும் அது கத்தாது. சாப்பிடாமல் மூலையில் உட்கார்ந்திருக்கும். நாம்தான் கவனிக்க வேண்டும்.

எல்லாம் தயாரானதும் போட்டோ அனுப்புங்கள்.
அஃப்ஷா


ஆம்பூர்
5 ஏப்ரல் 2025

அஃப்ஷா கண்ணுக்கு நானா சலாம். பெருநாள் நன்றாக நடந்தது. உனக்கும் அம்மாவுக்கும் துணி அனுப்பியிருந்தேன், அளவு சரியா?

சீவல் மூட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கோழிக் கூண்டையும் கொடுத்துவிட்டேன். நீ சொன்னது எல்லாம் தயார். போட்டோ வைத்திருக்கிறேன், விஜயகுமாரி டீச்சர் போனில் எடுத்து ஸ்டூடியோவில் போட்டுத் தந்தார். வடக்கு அறையில் பெரிய கூண்டு, துணி, இரண்டு ஒளியும் வீடு, பக்கத்தில் ஏர் கூலர், ஒரு கூடை பச்சைப் புல். சுவரில் வெப்பமானி தொங்குகிறது பார். இருபத்தேழு காட்டுகிறது.

இனி நீ யோசிக்கலாம்.

துஆவுடன்,
நானா


கோயம்புத்தூர்
16 ஏப்ரல் 2025

நானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். துணி சரியாக இருக்கிறது.

போட்டோவை அம்மாவின் கண்ணாடி வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். கூலரின் பக்கவாட்டில் சிவப்புப் பெயின்டில் 'சத்தார் டீ ஸ்டால்' என்று எழுதியிருக்கிறது. கூண்டின் மேல் 'வக்கார் அகமது புறாக் கடை' என்று இருக்கிறது. ஜன்னலில் வெயில் இல்லை. போட்டோ காலையில் எடுத்ததா?

எங்கள் வீட்டிலும் எல்லாரும் எல்லாம் சரி, எல்லாம் சரி என்றுதான் சொன்னார்கள். போன வருடம் முழுக்க அப்படித்தான் சொன்னார்கள். ஒரு நாள் பள்ளியில் இருந்து வந்தேன். பீரோவில் அப்பாவின் சட்டைகள் இல்லை.

விடுதி விண்ணப்பத்தை அம்மா வாங்கி வந்திருக்கிறாள்.

அஃப்ஷா


ஆம்பூர்
23 ஏப்ரல் 2025

அஃப்ஷாவுக்கு நானா சலாம். உடம்பைப் பற்றி எழுத இன்று ஒன்றும் இல்லை.

நீ எழுதியது அத்தனையும் சரி. கூலர் சத்தாருடையது. கூண்டு வக்காரிடம் ஒரு நாளைக்கு வாங்கினேன். போட்டோ காலை ஆறு மணிக்கு எடுத்தது. அன்று மத்தியானம் அதே அறை முப்பத்தாறு. புல்லை மார்க்கெட்டில் வாங்கி வைத்தேன், அடுத்த நாள் காய்ந்தது. கூலரில் பெயர் இருந்ததை நான் பார்க்கவே இல்லை. அறுபத்தேழு வருடம் எழுத்தைக் கவனிக்காமலே நடந்த கண் இது. பொருள் மேல் எழுத்து இருந்தால் இன்னும் கோலம் மாதிரிதான் தெரிகிறது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன். நான் நாற்பது வருடம் கம்பெனியில் தோல் தரம் பிரித்தவன் என்று உனக்குத் தெரியும். வெளிநாட்டில் இருந்து ஷூ வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒரு முறை கம்பெனியைப் பார்க்க வருவார்கள். அதற்கு ஆடிட் என்று பெயர். முதல் நாளே எங்களுக்குப் புதுக் கையுறை கொடுப்பார்கள். ஓடாத ஃபேன் எல்லாம் ஓடும். மருந்துப் பெட்டியில் மருந்து இருக்கும். "இன்னா கேட்டாலும் எல்லாம் ஓகேன்னு சொல்லுங்க" என்பார் மேஸ்திரி. அவர்கள் கார் தெரு முனை தாண்டியதும் கையுறையைக் கழற்றி வாங்கிக்கொள்வார்கள். பெரிய ஆள் பார்க்க வந்தால் இப்படித்தான் தயாராக வேண்டும் என்று என் கைக்குப் பழகிவிட்டது. உனக்கும் அதையே செய்துவிட்டேன். நீ பெரிய ஆளாகத் தெரிந்தாய், அதனால்தான். ஆனாலும் அது பொய்.

இன்னொரு உண்மையும் சொல்லிவிடுகிறேன். லட்சக்கணக்கான தோலைத் தொட்டிருக்கிறேன். உயிருள்ள ஆட்டைக்கூட மடியில் வைத்ததில்லை. எனக்குப் பயம்.

விடுதியில் சேர வேண்டும் என்று தோன்றினால் சேர். அங்கேயும் எழுதுவேன். இனி தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு அந்த அறை எவ்வளவு என்று மட்டும் கார்டு போடுகிறேன். உள்ளதை உள்ளபடி. பதில் வேண்டாம்.

நானா


அஞ்சல் அட்டை, 1 மே
சலாம். இன்று 37. நான் சுகம்.

அஞ்சல் அட்டை, 4 மே
சலாம். கத்திரி ஆரம்பம். 38. மொட்டைமாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தேன். முட்டி கேட்கவில்லை, பாதிதான் முடிந்தது.

அஞ்சல் அட்டை, 7 மே
சலாம். மீதிப் பாதியும் அடித்தேன். 35.

அஞ்சல் அட்டை, 10 மே
சலாம். ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்தேன். 32. கூலர் சொந்தமாக வாங்கிவிட்டேன். மேலே எந்த எழுத்தும் இல்லை, சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

அஞ்சல் அட்டை, 13 மே
சலாம். கூலரும் தட்டியும் சேர்ந்து 30. அதற்குக் கீழே இறங்கவில்லை. என்ன செய்தும் இறங்கவில்லை.


கோயம்புத்தூர்
20 மே 2025

நானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நலம்.

மே 14 கார்டு வரவில்லை. 15 வந்துவிட்டது, 16 வந்துவிட்டது. 14 மட்டும் இல்லை. கார்டுகளை வைத்து நோட்டில் கிராஃப் போட்டுக்கொண்டிருக்கிறேன், நடுவில் ஓட்டை விழுந்துவிட்டது. உங்களுக்கு உடம்பு சரியில்லையா? போனில் கேட்கச் சொன்னாள் அம்மா. கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்வீர்கள். அதனால் எழுதுகிறேன். கார்டில் உண்மை சொல்லுங்கள்.

முப்பது என்பது அதிகம்தான். ஆனால் மே மாதத்தில் கொண்டுவர வேண்டாம். மழை விழுந்த பிறகு பார்க்கலாம். தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் வைத்துத் துணி சுற்றிக் கூண்டில் போட்டால் அது மேலேயே சாய்ந்து படுத்துக்கொள்ளும் என்று ஃபிர்தௌஸ் சொன்னாள்.

ஒரு சந்தேகம். வடக்கு அறையில் கினி பிக் இருந்தால் நான் எங்கே தூங்குவது?

அஃப்ஷா


ஆம்பூர்
24 மே 2025

என் அஃப்ஷாவுக்கு நானாவின் ஆயிரம் சலாம். உன் கடைசி வரியை டீச்சரிடம் காட்டி, இது நான் படித்தபடிதானா என்று கேட்டேன். "அப்படித்தான் பாய் எழுதியிருக்கு" என்றார். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளதைச் சொல்கிறேன், நீ எங்கே தூங்குவாய் என்று நான் யோசிக்கவே இல்லை. சொந்தக் கூண்டுக்கு அளவெடுத்தேன், துணிக்கு அளவெடுத்தேன், புல்லுக்குத் தொட்டி வாங்கினேன். உனக்கு ஒரு தலையணைகூட வாங்கவில்லை. சத்தார் சிரிக்கிறார். "பன்னிக்கு ஏர் கூலர், பேத்திக்குப் பாயா?" என்கிறார். நேற்றே கட்டில் வாங்கி வடக்கு அறையிலேயே போட்டுவிட்டேன். கூண்டு ஒரு பக்கம், கட்டில் ஒரு பக்கம். நடப்பதற்கு இடம் கம்மி. உனக்குப் பிடிக்கவில்லை என்றால் மாற்றலாம்.

இப்போது மே 14. உடம்புக்கு ஒன்றும் இல்லை. அன்று வேலூரில் பிராணிகள் விற்கும் கடைக்குப் போனேன். வாங்க இல்லை, பழக. கடைக்காரர் ஒரு கினி பிக்கை எடுத்து என் கையில் வைத்தார். அஃப்ஷா, அது சுட்டது. தோல் என்றால் எனக்கு ஜில்லென்றுதான் தெரியும். இதற்குள் இதயம் தட்டுகிறது, டக்டக்கென்று, என் கட்டைவிரலில். கீழே போட்டுவிடுவேன் என்று பயந்து உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரம் போனது. என் விரல் தன்னால் வேலையை ஆரம்பித்துவிட்டது. காதுக்குப் பின்னால் ரோமத்தை விலக்கினால் சின்னச் சின்னப் பொருக்கு. "ஒண்ணுமில்ல பாய், அழுக்கு" என்றார் கடைக்காரர். "நாப்பது வருஷம் தோல் பாத்தவன் நானு. இது உண்ணி கடிச்ச தோலு. டாக்டராண்ட காட்டு" என்றேன். முறைத்தார். பக்கத்தில் இருந்த பெண்மணி வாங்க எடுத்ததைத் திருப்பி வைத்தார், கடைக்காரர் இன்னும் முறைத்தார். கடைசி பஸ்ஸில்தான் வந்தேன். மூன்று மணிக்கு நான் அறையில் இல்லை. பார்க்காத சூட்டை எழுதக் கூடாது என்று கார்டு போடவில்லை. கிராஃபில் ஓட்டையாகவே இருக்கட்டும்.

உன் பதிலுக்காகத் தபால்காரர் வரும் நேரத்துக்குப் பல் தேய்க்காமல்கூட நிற்கிறேன்.
நானா


கோயம்புத்தூர்
27 மே 2025

நானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பல் தேய்த்துவிட்டு நில்லுங்கள்.

முப்பதாம் தேதி ரயிலில் நானும் அம்மாவும் வருகிறோம். விடுதி விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் கிராஃபைப் புதிதாகப் போட்டுவிட்டேன், அது இனி செல்லாது. கட்டில் எங்கே இருக்க வேண்டும் என்று நான் வந்து பார்த்துச் சொல்கிறேன். அதுவரை எதையும் நகர்த்த வேண்டாம்.

அஃப்ஷா


ஆம்பூர்
13 ஜூலை 2025

அன்பு மகள் பில்கிஸுக்கு அப்பா சலாம் சொல்லி எழுதுவது. மஸ்கட்டில் சூடு ஜாஸ்தி என்றாய், தண்ணீர் நிறையக் குடி. ராத்திரி டியூட்டி முடிந்ததும் சாப்பிடாமல் தூங்காதே. நாங்கள் இருவரும் சுகம். போனில் சொன்னால் சொன்னதும் தீர்ந்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். நீ வேண்டும்போதெல்லாம் எடுத்துப் படிக்கலாம்.

போன ஞாயிறு மழை விட்டதும் ராணிப்பேட்டை போய் ஜோடியைக் கொண்டுவந்தோம். அங்கே ஒரு வீட்டில் குட்டி போட்டிருந்தன, இரண்டும் பெண். நான் தோலைப் பார்த்தேன், உன் மகள் பல்லையும் நகத்தையும் பார்த்தாள். அந்த வீட்டு அம்மா, "பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்ளோ பாத்ததில்ல" என்றார். பஸ்ஸில் அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். குழி வரும்போதெல்லாம் பெட்டியை மேலே தூக்கிப் பிடித்தாள். குழி எங்கே வரும் என்று நான் முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தேன்.

நிறையத் தின்பதற்கு ஜாஸ்தி என்று பெயர், மெதுவாகத் தின்பதற்குக் கம்மி. கம்மி முதல் இரண்டு நாள் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் அஃப்ஷா தரையில் படுத்துப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். அது வந்து அவள் நோட்டின் ஓரத்தைக் கடித்தது. அவள் அசையவில்லை. என்னைப் பார்த்துக் கண்ணால் மட்டும் காட்டினாள். நானும் வாசற்படியிலேயே நின்றேன்.

பில்கிஸ், உன்னிடம் ஒன்று சொல்லாமல் வைத்திருந்தேன். வந்ததில் இருந்து குழந்தை ரொம்ப நல்லபிள்ளையாக இருந்தாள். தட்டைக் கழுவி வைத்தாள். கேட்டால் பதில் சொன்னாள். வைத்ததைச் சாப்பிட்டாள். விருந்துக்கு வந்த வீட்டில் இருப்பது மாதிரி இருந்தாள். ஆறு வாரம் அப்படி. எனக்கு அதுதான் பேஜாராக இருந்தது. ஒரு கோபம் இல்லை, ஒரு அழுகை இல்லை. யாரிடம் கேட்பது?

நேற்றுச் சாயங்காலம் நல்ல மழை. வகுப்பு முடிந்து வந்து ஈரச் சட்டையை மாற்றி உட்கார்ந்தேன். உள்ளே இருந்து வந்தாள். இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"நானா, கொத்தமல்லி எங்க?"

மறந்துவிட்டேன் என்றேன்.

"காலைல சொன்னேன்ல? மத்தியானமும் சொன்னேன்ல? உங்களுக்கு அ ஆ இ ஈ கத்துக்க மட்டும் ஞாபகம் இருக்கா? ரெண்டும் கத்துது, கேக்குதா உங்களுக்கு?"

"மழ பெய்துமா."

"குட எதுக்கு இருக்கு? போங்க. வாங்கிட்டு வாங்க. போங்க நானா."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். சாதாரணச் சாத்து இல்லை, சுவரில் வெப்பமானி ஆடியது. உள்ளே போய் அழுதாள். சத்தமாக, நன்றாக அழுதாள். கொத்தமல்லிக்கு அவ்வளவு அழ வேண்டியதில்லை. நான் கதவைத் தட்டவில்லை. "ரெண்டு கட்டு வாங்கிட்டு வர்றேன்" என்று வெளியே இருந்து சொன்னேன். "மூணு" என்று அழுகைக்கு நடுவில் குரல் வந்தது.

குடையை எடுக்க மறந்து மழையிலேயே போனேன். சத்தார் டீ ஸ்டாலில் இருந்து கூப்பிட்டார். "இன்னா பாய், இந்த மழையில எங்க?"

"பேத்தி திட்டித் தொரத்திட்டா."

"அதுக்கு ஏன்யா பல்லக் காட்டற?"

அவருக்குச் சொல்லிப் புரியவைக்க நேரம் இல்லை. உனக்குப் புரியும். திரும்பி வந்தபோது கதவு திறந்திருந்தது. தலையைத் துவட்டத் துண்டை என் மேல் எறிந்துவிட்டுக் கட்டைப் பிரித்து மோந்து பார்த்தாள். ஒரு கட்டு வதங்கல் என்று அதற்கும் திட்டினாள்.

உனக்கு இன்னும் எழுத வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஆனால் உள்ளே இருந்து கூப்பிடுகிறாள். இது இரண்டாவது தடவை. அல்லாஹ் உன்னைக் காப்பான். நான் போகிறேன், போகாவிட்டால் எனக்கு யாரும் காப்பு இல்லை.

அப்பா